நாலு பேர் யாருக்குப் போடுவார்கள்?

கேள்வி இது: "வட கரோலினாவில் இருக்கிறேன். குடியுரிமை வாங்கியாயிற்று. அடுத்த அதிபர் தேர்தலுக்கான பிரைமரியில், அதாவது கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில், முதல்முறையாக ஓட்டுப் போடப் போகிறேன். அலுவலகத்தில் எல்லோரும், 'உனக்குப் பிடித்தவர் யார் என்பதை விடு, நவம்பரில் ஜெயிக்கக்கூடியவருக்குப் போடு' என்கிறார்கள். யார் ஜெயிப்பார் என்று எட்டு மாதம் முன்னாலேயே எப்படித் தெரியும்? அப்படிக் கணக்குப் போட்டு ஓட்டுப் போடுவது சரிதானா?"

சுருக்கமான பதில்: சில நேரம் தெரியும், பெரும்பாலும் தெரியாது. அதிபர் பதவிக்கான போட்டியில் கிட்டத்தட்ட தெரியவே தெரியாது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குத்தான் நீளமான பதில். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

நம் வீடுகளில் ஒரு வசனம் உண்டு: "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" பெண்ணுக்குப் பிடித்திருக்கிறது, அப்பாவுக்கும் உள்ளூரப் பிடித்திருக்கிறது, ஆனாலும் கல்யாணம் நின்றுபோகும், முகம் தெரியாத அந்த நாலு பேருக்காக. பிரைமரியில் 'ஜெயிக்கக்கூடியவர்' என்று பேசுவதும் இதே கதைதான். எனக்கு இவரைப் பிடிக்கிறது, எனக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை, ஆனால் பென்சில்வேனியாவில் ஒரு நாலு பேர் இருக்கிறார்களே, அவர்கள் போடமாட்டார்களே என்று சொல்லி, பிடிக்காத ஒருவருக்குப் போட்டுவிட்டு வருகிறோம். அந்த நாலு பேரும் தங்கள் வீட்டில் உட்கார்ந்து நம்மைப் பற்றி அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இதை நான் நேரில் பார்த்தது 2008 ஜனவரி 3 அன்று, அயோவா மாநிலத்து ஏம்ஸ் நகரில். அப்போது அங்கே மாணவன். ஓட்டுரிமை கிடையாது, ஆனால் அயோவாவின் காகஸை (பிரைமரிக்குப் பதிலாக நடக்கும் கட்சிக் கூட்டம்) வேடிக்கை பார்க்க வருகிறவர்களை விரட்டமாட்டார்கள். பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டு அறை, வெளியே எலும்பு வரை இறங்கும் குளிர், உள்ளே குவித்துப் போட்ட கோட்டுகளின் ஈர வாடை. ஜனநாயகக் கட்சியின் காகஸில் அந்தக் காலத்தில் வாக்குச்சீட்டு கிடையாது. ஒபாமாவுக்கு ஒரு மூலை, ஹிலரிக்கு ஒரு மூலை, எட்வர்ட்ஸுக்கு ஜன்னல் ஓரம். ஆதரிக்கிறவர் மூலையில் போய் நிற்க வேண்டும், தலையை எண்ணுவார்கள். மொத்தக் கூட்டத்தில் 15 சதவீதம் தேறாத அணி கலைந்துவிட வேண்டும். கலைந்தவர்கள் வேறு மூலைக்குப் போகலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம். அந்த இடைவேளையில்தான் வேடிக்கை. தேறிய அணிக்காரர்கள் பிஸ்கட் தட்டோடு வந்து, தேறாதவர்களைக் கைபிடித்து இழுப்பார்கள்.

அன்று தேறாத அணிகளில் ஒன்று ஜோ பைடனுடையது. பத்துப் பேர்கூட இல்லை. அதில் வயதான அம்மா ஒருவர், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பேச்சில் தெரிந்தது. ஒபாமா அணியிலிருந்து வந்த பையன் சுகாதாரக் கொள்கை, ஈராக் போர் என்று அடுக்கிக்கொண்டே போனான். அந்த அம்மா கையை உயர்த்தி நிறுத்தினார். "அதெல்லாம் எனக்கும் சம்மதம்தான் தம்பி. ஆனால் அயோவாவைத் தாண்டி இவருக்கு யார் போடப் போகிறார்கள்?" பையனிடம் பதில் இல்லை. திரும்பித் தன் மூலையைக் காட்டினான். அந்த மூலை நிரம்பி, கூட்டம் நடைபாதை வரை வழிந்திருந்தது. அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். தெரிந்த முகங்களைத் தேடினார் என்று நினைக்கிறேன். அப்புறம் கோட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார்.

அன்று இரவு அயோவாவில் ஒபாமாவுக்குச் சுமார் 38 சதவீதம், எட்வர்ட்ஸுக்கும் ஹிலரிக்கும் 30ஐ ஒட்டி. பைடனுக்கு ஒரு சதவீதம்கூட இல்லை, அன்றிரவே போட்டியிலிருந்து விலகினார். அதே பைடனைத்தான் 12 வருடம் கழித்து அதே கட்சி "இவரால்தான் ஜெயிக்க முடியும்" என்று தேடிப்பிடித்துக் கொண்டுவந்தது. 1987இல் ஒருமுறை, 2008இல் ஒருமுறை என்று இரண்டு தடவை அவர் ஆரம்பத்திலேயே விழுந்தவர். ஜெயிக்கும் தன்மை என்பது கண் நிறம் மாதிரி ஆளோடு பிறந்தது என்றால் இது நடந்திருக்க முடியாது.

அந்த அம்மா கேட்ட கேள்வியைத் தென் கரோலினாவில் கருப்பின மக்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், வேறு காரணத்துக்காக. 2007இல் பெரும்பாலும் அங்கே கருத்துக்கணிப்புகளில் ஹிலரிதான் முன்னால். ஒபாமாவைப் பிடிக்காமல் இல்லை. வெள்ளைக்காரர்கள் ஒரு கருப்பருக்குப் போடுவார்கள் என்று நம்புவதற்கு அவர்களுடைய வாழ்நாள் அனுபவத்தில் எந்த ஆதாரமும் இல்லை, அவ்வளவுதான். வெள்ளையர்கள் 90 சதவீதத்துக்கும் மேல் வாழும் அயோவாவில் ஒபாமா ஜெயித்ததும் அந்த ஆதாரம் கிடைத்துவிட்டது. ஜனவரி 26 அன்று தென் கரோலினாவில் ஒபாமா 55 சதவீதம், ஹிலரி 27. மூன்று வாரத்தில் ஒபாமா எந்த விதத்திலும் மாறவில்லை. நாலு பேரைப் பற்றிய ஊகம் மாறியது. ஊகம் மாறியதால் ஓட்டு மாறியது, ஓட்டு மாறியதால் அவர் நிஜமாகவே ஜெயிக்கக்கூடியவர் ஆனார். வங்கி திவாலாகப் போகிறது என்று வதந்தி கிளம்பி, எல்லோரும் பணத்தை எடுக்க ஓடி, வங்கி நிஜமாகவே திவாலாகும் இல்லையா, அதன் தலைகீழ் வடிவம் இது.

இனி கணக்குப் போட்டு ஓட்டுப் போட்டதில் சுத்தமான உதாரணம் என்று நான் நினைக்கும் 2004க்கு வருகிறேன். புஷ்ஷைத் தோற்கடித்தே ஆக வேண்டும் என்ற வெறியில் இருந்தது ஜனநாயகக் கட்சி. வெர்மான்ட் முன்னாள் கவர்னர் ஹோவர்ட் டீன் ஈராக் போரை வெளிப்படையாக எதிர்த்தார், இணையம் வழியாகச் சிறு சிறு தொகையாகப் பணம் திரட்டினார், தொண்டர்கள் அவருக்காக உருகினார்கள். ஆனால் அயோவா நெருங்க நெருங்க ஒரு பயம்: போர்க்காலத்தில் இவரை நாடு ஏற்குமா? பக்கத்தில் ஜான் கெர்ரி. வியட்நாமில் போரிட்டவர், வெள்ளி நட்சத்திரப் பதக்கம், காயம்பட்டதற்காக மூன்று ஊதா இதயப் பதக்கங்கள். காகிதத்தில் பார்த்தால், தேசபக்தி விஷயத்தில் புஷ் வாய் திறக்க முடியாத வேட்பாளர். ஜனவரி 19இல் அயோவா தீர்ப்புச் சொன்னது: கெர்ரி 38, எட்வர்ட்ஸ் 32, டீன் 18. அன்றிரவு டீன் மேடையில் போட்ட கத்தல் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடியது. பலர் அந்தக் கத்தல்தான் அவரை வீழ்த்தியது என்று இன்றும் சொல்கிறார்கள். அவர் கத்தியதே தோற்ற பிறகுதான். அந்த நாட்களில் கார்களின் பின்னால் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள்: டீனோடு சுற்றினேன், கெர்ரியைக் கட்டிக்கொண்டேன் என்று. வீட்டில் பார்த்து வைத்த வரன் மாதிரி கெர்ரி. உத்தியோகம், குடும்பம் எல்லாம் பொருத்தம்.

நடந்தது என்ன? ஜூலையில் பாஸ்டன் மாநாட்டில் கெர்ரி சல்யூட் அடித்து "பணிக்கு ஆஜராகிறேன்" என்றார். ஆகஸ்டில் முன்னாள் கடற்படையினர் சிலர் சேர்ந்து ஒரு குழுவாக விளம்பரம் போட்டு, அந்த வியட்நாம் சேவையையே அடித்தார்கள். குற்றச்சாட்டுகளை ஆவணங்கள் ஆதரிக்கவில்லை, ஆனாலும் சேதம் சேதம்தான். எங்கே யாரும் கைவைக்க முடியாது என்று நினைத்துத் தேர்ந்தெடுத்தார்களோ அங்கேயே கை வைத்தார்கள். போதாக்குறைக்கு 87 பில்லியன் டாலர் போர்ச் செலவு மசோதா பற்றி "எதிர்த்து ஓட்டுப் போடுவதற்கு முன் ஆதரித்து ஓட்டுப் போட்டேன்" என்று அவரே சொன்ன வாக்கியம் ஒன்று. இது எந்தப் பயோடேட்டாவிலும் இருக்காத பலவீனம். ஒஹாயோவில் சுமார் 1,18,000 ஓட்டில் கெர்ரி தோற்றார், அதோடு தேர்தலும் போயிற்று.

இங்கே நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். கெர்ரி தோற்றதால் டீன் ஜெயித்திருப்பார் என்று ஆகிவிடாது. இன்னும் மோசமாகவும் தோற்றிருக்கலாம். இந்த விவாதம் ஓயாமல் நடப்பதற்கு இதுவே காரணம்: ஒரு தேர்தலை ஒரு முறைதான் நடத்த முடியும். இன்னொரு வேட்பாளரை வைத்து அதே நவம்பரை மறுபடி ஓட்டிப் பார்க்க வழியில்லை. யார் சொன்னதும் பொய் என்று நிரூபணம் ஆவதே இல்லை என்பதால் எல்லோரும் தைரியமாகச் சொல்கிறார்கள்.

"தீவிரவாதியைத் தேர்ந்தெடுத்தால் கட்சி மண்ணைக் கவ்வும்" என்பதற்கு இரண்டு பெயர்களை எப்போதும் இழுப்பார்கள். குடியரசுக் கட்சியில் 1964இன் பேரி கோல்ட்வாட்டர், வென்றது 6 மாநிலம். ஜனநாயகக் கட்சியில் 1972இன் ஜார்ஜ் மக்கவர்ன், வென்றது மாசசூசெட்ஸும் தலைநகர் வாஷிங்டனும் மட்டும். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இரண்டு தேர்தலிலும் எதிரே நின்றவர்கள் பொருளாதாரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது பதவியில் இருந்த அதிபர்கள். மிதவாதி நின்றிருந்தாலும் ஜெயித்திருப்பார் என்று நான் நம்பவில்லை. மிதவாதியான வால்டர் மாண்டேல் 1984இல் 49 மாநிலங்களில் தோற்றாரே.

மறுபக்கம் பாருங்கள். 1980 மார்ச்சில், முன்னாள் அதிபர் ஃபோர்டே, மிகவும் வலதுசாரியான ஒருவரால் தேசிய அளவில் ஜெயிக்க முடியாது என்று ரேகனைப் பற்றிப் பத்திரிகைக்குச் சொன்னார். 69 வயது, நடிகர் வேறு. ரேகன் 44 மாநிலங்களை வாரிக்கொண்டு போனார். 2015 ஏப்ரலில் ஹிலரி தரப்பில் எழுதப்பட்ட ஒரு குறிப்பு பின்னால் கசிந்தது. ட்ரம்ப், டெட் க்ரூஸ், பென் கார்சன் போன்றவர்களுக்கு ஊடகங்களில் முக்கியத்துவம் கிடைக்கும்படி செய்வது நமக்கு லாபம் என்பது அதன் சாரம். எதிரியின் ஆட்டத்தில் பலவீனமான காளையை அவிழ்த்துவிடலாம் என்ற கணக்கு. அந்தக் காளை 2016 நவம்பரில் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்துச் சுமார் 78,000 ஓட்டில் முட்டித் தள்ளியது. தேசிய அளவில் ஹிலரிக்கு 28 லட்சத்துக்கும் மேல் அதிக ஓட்டு, ஆனால் அமெரிக்காவில் அது கணக்கில் வராது, மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் ஓட்டுதான் கணக்கு.

இப்போது 2020. உங்கள் அலுவலக நண்பர்கள் மனதில் வைத்துப் பேசுவது இதைத்தான். 2019 ஆகஸ்டில் ஜில் பைடன் நியூ ஹாம்ப்ஷயரில் பேசியது எனக்குப் பிடித்த பேச்சு, ஒளிவுமறைவு இல்லாததால். உங்கள் வேட்பாளர் சுகாதாரத்தில் ஜோவைவிட மேலாக இருக்கலாம், ஆனால் யார் ஜெயிப்பார் என்று பாருங்கள், கொஞ்சம் மென்று விழுங்கிக்கொள்ள வேண்டியிருக்கலாம் என்றார். அந்தச் சமயத்தில் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில் யாருக்கு ஓட்டு என்று கேட்டால் பைடன் முதலிடம். மந்திரக்கோல் இருக்கிறது, யாரை வேண்டுமானாலும் நேரே அதிபராக்கலாம் என்றால் எலிசபெத் வாரன் முதலிடம். அந்த இரண்டு பதிலுக்கும் நடுவில் நின்றது நாலு பேர்தான்.

ஆனால் ஓட்டுகள் விழ ஆரம்பித்ததும் 'ஜெயிக்கக்கூடியவர்' வரிசையாகத் தோற்றார். அயோவாவில் நாலாவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. அந்த முடிவு வருவதற்கு முன்பே தென் கரோலினாவுக்கு விமானம் ஏறிவிட்டார். பிப்ரவரி 26 அன்று அங்கே ஜிம் கிளைபர்ன், கருப்பினத்தவர்களிடம் மரியாதை பெற்ற காங்கிரஸ் உறுப்பினர், பைடனை ஆதரித்தார். "நமக்கு ஜோவைத் தெரியும். அதைவிட முக்கியம், ஜோவுக்கு நம்மைத் தெரியும்" என்றார். மூன்று நாள் கழித்துப் பைடனுக்கு 48 சதவீதத்துக்கும் மேல். அடுத்த இரண்டு நாளில் சக போட்டியாளர்கள் பூட்டிஜெஜும் குளோபுச்சரும் விலகி அவர் பக்கம் வந்தார்கள். மார்ச் 3இல் 14 மாநிலங்களில் 10 அவருக்கு. அவர் பிரசாரத்துக்கே போகாத மின்னசோட்டா உட்பட. வாரன் தன் சொந்த மாசசூசெட்ஸில் மூன்றாவது.

தென் கரோலினா கணக்கையும் தொலைக்காட்சிப் பண்டிதர்களின் கணக்கையும் நான் ஒன்றாக வைக்கமாட்டேன். பண்டிதர் தன் ஊகம் தப்பினால் அடுத்த வாரம் வேறு ஊகம் சொல்வார். அந்த மாநிலத்துப் பெரியவர்களுக்கு, வெள்ளைக்கார அண்டை வீட்டார் எது வரை வருவார்கள், எங்கே நின்றுவிடுவார்கள் என்பது தலைமுறையாகக் கற்றுக்கொண்ட பாடம், தப்பானால் அடி அவர்களுக்குத்தான். கணிப்பு என்று ஒன்று இருந்தால் அது அப்படிப்பட்ட இடத்திலிருந்து வரும்போது நான் காது கொடுத்துக் கேட்பேன். ஆனால் அதுவும் மயிரிழை வெற்றிதான். நவம்பரில் பைடன் தேர்வாளர் ஓட்டில் 306–232 என்று ஜெயித்தது பெரிதாகத் தெரியும். அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து 43,000 ஓட்டுக்கும் குறைவான வித்தியாசம். அவை மறுபக்கம் சாய்ந்திருந்தால் இரண்டு பேருக்கும் 269. அப்படி நடந்திருந்தால் "பைடனைப் போட்டதுதான் தப்பு" என்று இன்று எத்தனை கட்டுரைகள் வந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நாலு பேர் அரசியலில் எனக்குக் கசப்பு தரும் பகுதி ஒன்று உண்டு. அந்த நாலு பேருக்கு எப்போதும் ஒரே முகம்: ஏதோ தொழிற்சாலை ஊரில் உணவக மேஜையில் காப்பி குடிக்கும் வெள்ளைக்கார ஆண். அவருக்குப் பிடிக்குமா என்று கேட்டுக் கேட்டு, அவர் மாதிரியே இருப்பவரைத்தான் 'பத்திரமான' வேட்பாளர் என்கிறார்கள். அரசியல் அறிவியலாளர் ரெஜினா பேட்சன் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. அதே தகுதி, அதே அனுபவம் இருந்தாலும் பெண்களையும் கருப்பினத்தவரையும் ஜெயிக்க வாய்ப்புக் குறைந்தவர்களாக மக்கள் மதிப்பிடுகிறார்கள். தனக்கு வெறுப்பே இல்லாதவரும் ஊரான் வெறுப்பைக் காரணம் காட்டி ஒதுக்கிவிடுகிறார். 2020 ஜனவரி விவாதத்தில் வாரன் இதற்குக் கொடுத்த பதில் சரியான சூடு: இந்த மேடையில் உள்ள ஆண்கள் எல்லோரும் சேர்த்து 10 தேர்தல் தோற்றிருக்கிறார்கள், நின்ற எல்லாத் தேர்தலிலும் ஜெயித்தவர்கள் பெண்கள் மட்டும்தான், ஏமியும் (குளோபுச்சர்) நானும். கைதட்டல் வாங்கினார், ஓட்டு வாங்கவில்லை.

கமலா ஹாரிஸ் அந்தப் போட்டியில் முதல் ஓட்டு விழுவதற்கு முன்பே, 2019 டிசம்பர் 3 அன்று விலகிவிட்டார். பணம் தீர்ந்துபோனதும் ஒரு காரணம். 2024இல் பிரைமரியே இல்லாமல் வேட்பாளர் ஆகி, 226–312 என்று தோற்றார். திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் கோவிலில் நடந்த அர்ச்சனை விஸ்கான்சினில் செல்லுபடியாகவில்லை. "பார்த்தீர்களா, பெண்ணால் முடியாது" என்று இப்போது பாடம் சொல்கிறார்கள். விலைவாசி ஏறிய அந்த வருடத்தில் பல நாடுகளில் ஆளுங்கட்சிகள் அடி வாங்கின, ஆண் தலைவர்கள் உட்பட. அந்த ஒரு தேர்தலை வைத்துப் பெண் என்ற காரணத்தை மட்டும் தனியாக உருவி எடுக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு "அப்படியானால் வேட்பாளர் யாராக இருந்தாலும் ஒன்றுதானா?" என்று கேட்டால், இல்லை. அதிபர் தேர்தலை விட்டுக் கீழே இறங்கினால், செனட், கவர்னர், பிரதிநிதிகள் சபை மட்டத்தில் ஆதாரம் கொட்டிக்கிடக்கிறது. அங்கே ஒரே நாளில் பல தேர்தல் நடப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. 2022 ஜார்ஜியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வாக்குச்சீட்டில் குடியரசுக் கட்சியின் இரண்டு பெயர்கள்: கவர்னருக்கு பிரையன் கெம்ப், செனட்டுக்கு முன்னாள் ஃபுட்பால் வீரர் ஹெர்ஷெல் வாக்கர். கெம்ப் சுலபமாக ஜெயித்தார். அதே நாள், அதே மக்கள், வாக்கருக்குக் கெம்ப்பைவிடச் சுமார் 2 லட்சம் ஓட்டுக் குறைவு. டிசம்பர் மறுதேர்தலில் வாக்கர் தோற்றார். கெம்ப்புக்குப் போட்டுவிட்டு அதே சீட்டில் வாக்கரைத் தாண்டிப்போன அந்த மக்கள்தான் நிஜமான நாலு பேர். ஊகம் இல்லை, எண்ணிப் பார்த்த ஓட்டு. அதே வருடம் ஒஹாயோவில் அதே கட்சியின் கவர்னர் டிவைன் 25 புள்ளியில் ஜெயித்தபோது செனட்டுக்கு நின்ற ஜே.டி. வான்ஸ் 6 புள்ளியில்தான் கரையேறினார். கரையேறினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாநிலம் போதுமான அளவு உங்கள் பக்கம் சாய்ந்திருந்தால் பலவீனமான வேட்பாளரும் தப்பித்துவிடுவார், பிறகு துணை அதிபரும் ஆகலாம்.

ஆண்ட்ரூ ஹால் என்ற ஆய்வாளர் 1980 முதல் 2010 வரையிலான பிரதிநிதிகள் சபைத் தேர்தல்களில், பிரைமரி நூலிழையில் முடிந்த தொகுதிகளை மட்டும் எடுத்து ஆராய்ந்தார். மிதவாதியை நூலிழையில் தோற்கடித்துத் தீவிரமானவர் வந்த தொகுதிகளில், பொதுத்தேர்தலில் கட்சியின் ஓட்டு சராசரியாக 9 முதல் 13 சதவீதப் புள்ளி சரிந்தது. சின்ன விஷயம் இல்லை இது. அப்புறம் அவரும் இன்னொருவரும் சேர்ந்து காரணத்தைத் தேடியபோது கிடைத்தது எதிர்பாராத பதில்: நடுநிலையாளர் மனம் மாறுவதைவிட, தீவிரமானவரைக் கண்டு எதிர்க்கட்சிக்காரர்கள் படையெடுத்து ஓட்டுப் போட வருகிறார்கள். ஆகவே "இவர் நம் ஆட்களை எழுப்பிவிடுவார்" என்று யாராவது சொன்னால், எதிராளியின் ஆட்களை எவ்வளவு எழுப்பிவிடுவார் என்றும் கேளுங்கள். 2010க்குப் பின் கட்சிப் பிளவு இறுகிவிட்டதால் அந்த அளவு சரிவை இன்று எதிர்பார்க்க முடியாது என்பது என் எண்ணம்.

அரசியல்வாதிகள் இதைத் தெரிந்துதான் விளையாடுகிறார்கள். மிசௌரியில் 2012இல் செனட்டர் கிளேர் மக்காஸ்கில், எதிர்க்கட்சியின் பிரைமரியில் டாட் ஏகின் ஜெயிக்கட்டும் என்று சுமார் 17 லட்சம் டாலர் செலவழித்து, "ஏகின் மிசௌரிக்கு மிஞ்சிய வலதுசாரி" என்று விளம்பரம் போட்டார். திட்டுவது போல் பாராட்டு. குடியரசுக் கட்சி வாக்காளர்களுக்கு அது தேனாகக் கேட்டது. ஏகின் ஜெயித்தார், இரண்டு வாரத்தில் பாலியல் வன்முறை பற்றி உளறினார், மக்காஸ்கில் பெரிய வித்தியாசத்தில் தப்பித்தார். இதை அவரே பின்னால் பெருமையாக எழுதினார். இதே தந்திரம் 2016இல் என்ன ஆயிற்று என்று மேலே பார்த்தோம்.

உங்கள் அலுவலகத்தில் அடுத்து வரப்போவது 'நேருக்கு நேர்' கருத்துக்கணிப்பு. இவரை நிறுத்தினால் 3 புள்ளி முன்னால், அவரை நிறுத்தினால் 2 பின்னால் என்று வரைபடம் காட்டுவார்கள். பிரைமரிக் காலத்தில் அந்த எண்களை நான் பார்ப்பதே இல்லை. அதிகம் தெரியாத வேட்பாளருக்குப் பல நேரம் நல்ல எண் வரும், ஏனென்றால் அவர் மேல் இன்னும் யாரும் சேறு அடிக்கவில்லை. 2016 வசந்தத்தில் ஹிலரியை நல்ல வித்தியாசத்தில் தோற்கடிப்பார் என்று காட்டப்பட்டவர் குடியரசுக் கட்சியின் ஜான் கேசிக். பிரைமரியில் அவர் வென்றது தன் சொந்த ஒஹாயோ ஒன்றைத்தான். 2023 டிசம்பரில் ஒரு கணிப்பில் நிக்கி ஹேலி பைடனைவிட 17 புள்ளி முன்னால், ட்ரம்ப் வெறும் 4. ஹேலி அதையே மேடைக்கு மேடை சொன்னார். குடியரசுக் கட்சி வாக்காளர்கள் கேட்டுக்கொண்டார்கள், நாலு புள்ளியே போதும் என்று பிடித்தவருக்கே போட்டார்கள். ஹேலிக்குக் கிடைத்தது தலைநகர் வாஷிங்டனும் வெர்மான்ட்டும். நவம்பரில் ட்ரம்ப் ஜெயித்தார். மென்று விழுங்காமலே ஜெயிக்க முடிந்தது.

அப்படியானால் நீங்கள் என்ன செய்வது? நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில், அந்த ஆள் இதுவரை நின்ற தேர்தல்களில் தன் கட்சியின் மற்ற வேட்பாளர்களைவிட அதிகம் வாங்கினாரா, குறைவாக வாங்கினாரா என்று பார்ப்பேன். தன் கட்சிக்குச் சாதகமில்லாத மாவட்டங்களில் எவ்வளவு வாங்கினார் என்று பார்ப்பேன். அது ஒன்றுதான் கையில் பிடிக்கக்கூடிய ஆதாரம். பதக்கம், குரல், உயரம், 'பார்த்தால் அதிபர் மாதிரி இருக்கிறார்' எல்லாம் ஜாதகம். வாக்கர் மாதிரி வெளிப்படையான பலவீனம் இருப்பவரைத் தள்ளிவிடுவேன். அதற்குப் பிறகும் மூன்று நாலு பேர் மிஞ்சினால், எனக்கு யாரைப் பிடிக்கிறதோ அவருக்கே போடுவேன். ஒஹாயோக்காரர் மனதில் என்ன இருக்கிறது என்பது எனக்கு ஊகம், என் மனதில் இருப்பது எனக்குத் தெரிந்த தகவல். எல்லோரும் தெரிந்ததைச் சொன்னால்தான் பிரைமரி என்ற கணக்கெடுப்பிலிருந்து உருப்படியாக ஏதாவது வெளியே வரும். எல்லோரும் பக்கத்து வீட்டுக்காரர் சார்பில் பதில் சொன்னால், கேட்கப்படாத ஒருவரின் கருத்துத்தான் முடிவாகும்.

இதற்கு எதிர்வாதமும் வலுவானதுதான்: தோற்றால் அதிகம் இழப்பவர்களுக்கு, விருப்பப்படி ஓட்டுப் போடும் சலுகை கிடைப்பதில்லை. தென் கரோலினாவின் பெரியவர்கள் அதைத்தான் சொன்னார்கள். எனக்கு இதற்கு முழுப் பதில் இல்லை.

கடைசியாக, வட கரோலினாவுக்கென்று நடைமுறை விஷயம் இரண்டு. வாக்காளர் பட்டியலில் எந்தக் கட்சியையும் சாராதவராகப் பதிவு செய்திருந்தால், பிரைமரி அன்று எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டை வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம், ஏதாவது ஒன்றை மட்டும். கட்சி உறுப்பினராகப் பதிந்துவிட்டால் அந்தக் கட்சிச் சீட்டுதான். நம் ஆட்கள் பலருக்கு இது தெரியாமல், வாக்குச்சாவடியில் போய்த்தான் விழிக்கிறார்கள்.

இரண்டாவது, முன்கூட்டிய வாக்களிப்பு. நவம்பர் தேர்தலுக்கு அது அருமையான வசதி, ஆபீஸ் முடிந்து போய்ப் போட்டுவிட்டு வரலாம். அதிபர் பிரைமரிக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். 2020இல் உங்கள் மாநிலத்தில் முன்கூட்டிய வாக்களிப்பு பிப்ரவரி 13 முதல் 29 வரை நடந்தது. அதில் பூட்டிஜெஜுக்கும் குளோபுச்சருக்கும் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டில் இருந்தவர்கள், மார்ச் 3 விடிவதற்குள் தங்கள் வேட்பாளர் போட்டியிலேயே இல்லை என்று செய்தியில் பார்த்தார்கள். போட்ட ஓட்டைத் திரும்ப வாங்க முடியாது. தேர்தல் நாளான செவ்வாய்க்கிழமை வரை பொறுத்துக்கொண்டு, வேலைக்குப் போகும் வழியில் போட்டுவிட்டுப் போங்கள்.